முப்பத்தொன்றாம் பவளம்

சிரிப்பு ஒன்று வைத்திருக்கிறேன். தொப்புளுக்கு நாலு விரல் மேலே, குலுக்கிய சோடா பாட்டில் மாதிரி நிற்கிறது. மதியச் சாப்பாட்டு மணிக்குள் திறந்துவிடுவேன், திறந்தால் இந்த ஹாலின் தகரக் கூரை எழும்பும், ஆனால் இப்போது இல்லை, இப்போது திறந்தால் மூன்று வார வேலை மண்ணாகிப்போகும், பொறு, கன்னத்தின் உள்பக்கத்தைக் கடி, மேடையைப் பார்க்காதே, மின்விசிறியைப் பார், மூன்று றெக்கை, இல்லை நாலு, சுற்றும்போது எப்படி எண்ணுவது. பக்கத்தில் புஷ்பம் முழங்கையால் இடிக்கிறாள், "ஏட்டி ஜசிந்தா, வயித்த வலியா, மூஞ்சி ஏன் இப்படிக் கோணுது", "ஆமா", "பாத்ரூம் போறியா", "போனா நாடகம் போயிரும்", "எந்த நாடகம், இன்னைக்கு சொற்பொழிவுல்லா", சொற்பொழிவுதான் புஷ்பம், சொற்பொழிவேதான். மேடையில் பேராசிரியர் குலசேகரன், பவளப்பாறை மரபணு ஆராய்ச்சியாளர், விருது வாங்கியவர், பேப்பரில் படம் வந்தவர், வெள்ளைச் சட்டைப் பையில் தங்க மூடிப் பேனா. அவருக்கு இந்தப் பக்கம் எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் எமரென்சியா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் முடியவில்லை, ஏனென்றால் சிஸ்டர் தன்னை வருந்தி வருந்தி அழைத்ததாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், அவரே போன் பண்ணி வருகிறேன் என்று கெஞ்சியதாக சிஸ்டர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் சிஸ்டராகப் பேசியதும் நான். சிஸ்டரிடம் அவராகப் பேசியதும் நான். ரெண்டு நாற்காலிக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி, அந்த ஒரு முழத்தில்தான் என் கழுத்து இருக்கிறது. இப்போது சிஸ்டர் அவர் காதுப்பக்கம் குனிகிறார். ஐயோ. கேட்டுவிடாதே சிஸ்டர், எப்படி வந்தியள் என்று மட்டும் கேள், ஏன் வந்தியள் என்று கேட்காதே. அவர் தலையாட்டுகிறார். ஒரு பிள்ளை இளநீர் கொண்டுபோகிறது. இளநீரா கேட்டது? இளநீர்தான். அப்பாடா.

என் குரல் கட்டைக் குரல். ஆறாம் வகுப்பில் பாடகர் குழுவுக்குப் போனபோது சிஸ்டர் ஒரே வரி கேட்டுவிட்டு, "பிள்ளே, உனக்கத் தொண்டையில ஒரு கிழட்டு அப்பாப்பன் உட்காந்திருக்காரு கேட்டியா, நீ கைதட்ட மட்டும் வா" என்றார், அன்றைக்கு மொத்தக் குழுவும் சிரித்தது, அன்று மாலையே நான் பாத்ரூம் வாளிக்குள் தலையை விட்டு சிஸ்டரின் குரலைப் பழகினேன், நாகர்கோவில் இழுப்பு, 'கேட்டியளா' சொல்லும்போது கடைசியில் ஒரு சின்ன ஏற்றம், மூன்றாம் நாள் வாசலில் நின்று கூப்பிட்டேன், வாட்ச்மேன் "வந்துட்டேன் சிஸ்டர்" என்று ஓடிவந்தார். தொண்டைக்குள் ஒருத்தர் இல்லை சிஸ்டர், ஊரே உட்கார்ந்திருக்கிறது. மீன் ஏலம் போடுகிறவர், பஸ் கண்டக்டர், பங்குச் சாமியார், நியூஸ் வாசிக்கிற அக்கா, எல்லாரும். குலசேகரன் குரல் மட்டும் எட்டு வருஷம் ஊறியது. அம்மாவின் பழைய போனில், அவரிடம் அவள் வேலை பார்த்த காலத்தில் அவர் அனுப்பிய குரல் பதிவுகள் நாற்பத்தாறு இருக்கின்றன, "ஆக்சுவலா பெர்னதெத், நாளைக்கு சாம்பிள் வேணும்", "ஆக்சுவலா பெர்னதெத், உனக்கு இதெல்லாம் புரியாது", ஆக்சுவலாவுக்கு முன்னால் மூக்கால் ஒரு மூச்சு, அந்த மூச்சுதான் சாவி, மூச்சு வந்துவிட்டால் மனுஷனே வந்துவிடுவார். அந்த மூச்சை இழுத்துத்தான் சிஸ்டருக்குப் போன் போட்டேன், "ஆக்சுவலா சிஸ்டர், உங்க பிள்ளைங்களுக்கு முப்பத்தொண்ணாம் பவளத்தைப் பத்திப் பேசணும்னு ரொம்ப நாளா ஆசை", சிஸ்டர் உருகிப்போனார், "நீங்க இவ்வளவு பெரிய ஆளு, எங்கள நினைச்சியளே சார்" என்றார், எனக்கு ஒரு நொடி பாவமாக இருந்தது, ஒரே ஒரு நொடி. பிறகு சிஸ்டராகி அவருக்குப் போட்டேன், "இது எனக்க சொந்த நம்பர் சார், ஆபீஸ் போன் கேடு, நீங்க வரணும், அந்த முப்பத்தொண்ணாம் பவளத்தை நீங்க கடலுக்குள்ள போயி எடுத்த கதைய பிள்ளைகளுக்குச் சொல்லணும், பேப்பர்க்காரங்க வருவாங்க." பேப்பர் என்றதும் வருகிறேன் என்றார். மொத்தம் பதினேழு அழைப்பு. அம்மா கேட்டாள், "யாருகிட்டட்டி இவ்வளவு நேரம் கதவ அடச்சிட்டுப் பேசுற". நான் சொன்னேன், "எனக்குள்ளேயே".

பேச எழுந்துவிட்டார். மூச்சு. "ஆக்சுவலா." ஹாலில் நானூறு பிள்ளைகள், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை, எல்லா வாயும் திறந்திருக்கிறது. "பவளம்ங்கிறது பாறை இல்லைம்மா, உயிர், கோடிக்கணக்கான சின்னச் சின்ன உயிர் சேர்ந்து கட்டுற வீடு", சரிதான், இதெல்லாம் அம்மாவின் வாக்கியம், என்னைக் குளிப்பாட்டும்போது சொல்லுவாள், அப்போது எனக்கு எட்டு வயது, கடல் கொதித்த மே மாசம், பவளமெல்லாம் வெளுத்து, கரையில் நின்றால் தண்ணீருக்குள் யாரோ எலும்பைக் கொட்டிவைத்த மாதிரித் தெரிந்தது. அம்மா காலை நாலரைக்கே படகில் போவாள், கொம்புத்தீவுப் பக்கம், வெளுக்காமல் பழுப்பாகவே நின்ற பவளங்களைத் தேடி, ஏன் இது மட்டும் சாகவில்லை, இதன் மரபணுவில் என்ன இருக்கிறது, அதுதான் அவளுடைய கேள்வி, பதினொரு வருஷமாக ஒப்பந்த ஆராய்ச்சியாளராக வைத்திருந்தார்கள், பட்டம் முடிக்க விடவில்லை, கேள்வியையாவது விட்டார்கள். நகக்கண் அளவு துண்டு, குறட்டால் ஒரு நறுக்கு, ஆல்கஹால் ஊற்றிய குழாயில் போட்டு, கூடவே ஒரு சின்னத் தாள், பென்சிலில் எண். "ஏன் பென்சில் அம்மா, பேனா இல்லையா?" "பேனா மைய ஆல்கஹால் தின்னுரும்ட்டி, பென்சில்தான் நிக்கும்." அப்படி நாற்பது குழாய். எண்ணைச் சரியாகச் சொன்னால் முப்பத்தொன்பது பவளம், நாற்பது குழாய், இதை ஹாலில் இருக்கிற நானூறு பேரில் நான் ஒருத்திதான் அறிவேன், மேடையில் நிற்கிறவருக்கு இன்றுவரைக்கும் தெரியாது. பன்னிரண்டாம் பவளத்திலேயே இன்னொரு துண்டு நறுக்கி அதற்கு முப்பத்தொன்று என்று எண் போட்டாள் அம்மா. ஏமாற்ற இல்லை. மரபணு பார்க்கிற ஆய்வகம் ஒழுங்காகப் பார்க்கிறதா என்று சோதிக்க. ரெண்டுக்கும் எழுத்துக்கு எழுத்து ஒரே முடிவு வந்தால் ஆய்வகம் சரி. அவருக்குக் கொடுத்த பட்டியலில் முப்பத்தொன்றுக்கு எதிரே இடத்தைக் காலியாக விட்டாள், ரகசியத்தை ஒரு தாளில் எழுதிக் கவரில் போட்டு ஒட்டித் தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பிக்கொண்டாள், தபால் முத்திரையில் தேதி விழும், முடிவு வந்தபிறகுதான் பிரிப்பது. அது அவளுடைய வழக்கம். முடிவு வருவதற்கு முன்னால் அவளையே வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

ஏன் அனுப்பினார்கள்? சிரித்ததற்காக. இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. குலசேகரன் ஒரே ஒரு நாள் படகேற வந்தார், தொப்பி, கறுப்புக் கண்ணாடி, புது ஷூ, படம் எடுக்க ஒரு ஆள், லீவு என்பதால் நானும் படகுத்துறையில் நின்றேன், படகு இன்னும் கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை, ஒரு அலை, ஒன்றே ஒன்று, வந்து ஆட்டியது, அவர் வாயைப் பொத்திக்கொண்டு காலையில் தின்ற இட்டிலியை எல்லாம் தன் தொப்பிக்குள்ளேயே வாந்தியெடுத்தார், எடுத்ததைக் கொட்டத் தெரியாமல் கையில் ஏந்திக்கொண்டு நின்றார், கோயில் பிரசாதத் தட்டு மாதிரி. அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு. முதலில் மூச்சு உள்ளே போகும், எங்கேயோ தொலைந்துபோகும், பிறகு மூன்று படியாக இறங்கிவரும், கடைசிப் படியில் ஒரு விக்கல். படகுக்காரரும் சிரித்தார், கொக்குகூடச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கடலில் போட்டுவிட்டு, "ஆக்சுவலா பெர்னதெத், உனக்கு மரியாதை கத்துக்குடுக்கல" என்றார். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பு வரவேயில்லை, அம்மா சிரிப்பாள், வாயால் சிரிப்பாள், படி இறங்காது. ஊரில் இருக்கிற எல்லாக் குரலும் என் தொண்டையில் உண்டு, அது மட்டும் இல்லை, எத்தனை வாளிக்குள் தலையை விட்டாலும் ரெண்டாவது படியில் அறுந்துபோகிறது. இப்போது அம்மா இந்த ஹாலுக்கு மேலே, மாடியில், வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள், இந்தப் பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூட உதவியாளர், சோதனைக் குழாய் கழுவுகிறவள், "எவன் வந்தா எனக்கென்ன, நான் கீழ வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். வரவேண்டாம் அம்மா. ஸ்பீக்கர் மாடியிலும் இருக்கிறது. காலையில் நான்தான் போய் அதன் ஒலியைக் கூட்டிவைத்தேன்.

"அந்த முப்பத்தொண்ணாம் பவளம்" என்கிறார், வந்துவிட்டது, நிமிர்ந்து உட்கார். "பன்னிரண்டாம் பவளம் கொம்புத்தீவுல. முப்பத்தொண்ணு பூவத்தீவுல. நடுவுல பதினோரு கிலோமீட்டர் கடல். ஆனா மரபணு எழுத்துக்கு எழுத்து ஒண்ணு! எப்படி? ஒரே பவளம் உடைஞ்சு, அலையில உருண்டு, பதினோரு கிலோமீட்டர் நடந்து போய் வளர்ந்திருக்கு! அதுக்கு நான் யாத்திரைப் பவளம்னு பேர் வச்சேன்." கைதட்டல். புஷ்பம் கைதட்டுகிறாள். நானும் தட்டுகிறேன், கைதட்டத்தானே என்னை வரச் சொன்னார்கள். காலி இடத்தைப் பார்த்திருக்கிறார், பூவத்தீவு என்று தானே நிரப்பியிருக்கிறார், முடிவு வந்து ரெண்டும் ஒன்று என்றதும் துள்ளியிருக்கிறார், அந்தத் துள்ளலில் கட்டுரை, கட்டுரையில் விருது, விருதில் பதவி, எல்லாம் என் அம்மா குறட்டால் நறுக்கிய ஒரு நகக்கண் மேல் நிற்கிறது. அம்மா ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பேப்பரில் பார்த்தாள், சோற்றுக்கையோடு உட்கார்ந்திருந்தாள், சோறு காய்ந்தது. பிறகு புகார் எழுதினாள். வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து விசாரிக்க ஒருவரைப் போட்டார்கள், டாக்டர் சுலைகா பானு, எல்லாம் கடிதத்திலேயே, குலசேகரன் பதில் எழுதினார், 'அந்தப் பெண் படகு கழுவினாள், லேபிள் எழுதினாள், அவ்வளவே.' தானே முங்கினாரா என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை, 'பழைய ஆவணங்களைப் பார்த்துச் சொல்கிறேன்' என்று எட்டு மாதம். வெள்ளிக்கிழமையோடு விசாரணை முடிகிறது. கவரை அம்மா பிரிக்காமலே விசாரணைக்குக் கொடுத்துவிட்டாள், ஆனால் அவர் வாயால் ஒன்றும் சொல்லாதவரை கவரால் பயன் இல்லை, பிரித்த மறுநிமிஷமே 'நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன்' என்பார். முதலில் அவர் சொல்லவேண்டும். விசாரணைக்கு முன்னால் அவர் வக்கீல். நானூறு பிள்ளைகளுக்கு முன்னால் அவர் கதாநாயகன். இதுதான் என் கண்டுபிடிப்பு, இதற்கு விருது வேண்டாம். முதல் வரிசையின் ஓரத்தில், கணக்கு டீச்சருக்குப் பக்கத்தில், சாம்பல் நிறச் சேலை, மடியில் கைப்பை, அவர்தான் சுலைகா மேடம், சிஸ்டராகப் பேசி அவரையும் அழைத்தேன், "மேடைக்கு வரண்டாம் மேடம், பெயரும் சொல்லண்டாம், வந்து கேட்டாப் போதும்." அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். பிறகு, "வர்றேன் சிஸ்டர்." தாளைப் புரட்டும்போது அவர் என்ன நினைத்தார்? என்னைக் கண்டுபிடித்துவிட்டாரோ? கண்டுபிடித்தும் வந்தாரோ?  மேடத்தின் முகம் குலசேகரனுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கவேண்டும். இன்னும் பத்து நிமிஷம்.

கேள்விப் பெட்டி வருகிறது. எங்கள் பள்ளி வழக்கம் அது, பிள்ளைகள் சீட்டில் கேள்வி எழுதிப் பெட்டியில் போடுவார்கள், விருந்தினர் கைவிட்டு எடுத்து, தானே வாசித்துப் பதில் சொல்வார். அறிவியல் மன்றச் செயலாளர் பெட்டிக்குப் பொறுப்பு. செயலாளர் நான். உண்மையான கேள்விகள் எல்லாம் என் பையில் தூங்குகின்றன, பெட்டிக்குள் இருக்கிற முப்பதும் என் எழுத்து, ஆறாம் வகுப்பின் சறுக்கல் எழுத்து, பன்னிரண்டாம் வகுப்பின் கோழிக்கிறுக்கல், கைக்கும் குரல் உண்டு. கைவிடுகிறார். "ஐயா, முப்பத்தொன்றாம் பவளத்தை எடுத்தது யார்?" சிரிக்கிறார், "இதென்ன கேள்வி பாப்பா, நான்தான்." அடுத்தது. "நீங்களே கடலில் முங்கினீர்களா?" மூச்சு. "ஆக்சுவலா, நானேதான். ஒன்பது மீட்டர் ஆழம்." பூவத்தீவுப் பக்கம் பவளத் திட்டில் என் இடுப்புக்குத்தான் தண்ணீர், கடற்கரைப் பிள்ளைகள் ரெண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்கள், புஷ்பம் முணுமுணுக்கிறாள், "ஒம்பது மீட்டரா? எங்கப்பா அங்க நடந்துல்லா போவாரு." ஷ். "துணைக்கு யாராவது இருந்தார்களா?" "யாருமில்ல. கடலும் நானும்." கைதட்டல். அடக்கு, ஜசிந்தா, சோடாவை அடக்கு. "பன்னிரண்டாவதையும் நீங்களே எடுத்தீர்களா?" "அதுவும் நானே. ரெண்டையும் தனித்தனி நாள்ல, என் கையாலே நறுக்கி, குழாயில போட்டு" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையில் கைவிடுகிறார், இது நான் எழுதாத வரி, இதை நான் கேட்கவேயில்லை, அந்தத் தங்க மூடிப் பேனாவை உருவித் தூக்கிக் காட்டுகிறார், "இதோ, இதே பேனாவால உள்ள லேபிள் எழுதிப் போட்டேன் பிள்ளைங்களா, அதனாலதான் இதை இன்னும் பத்திரமா வச்சிருக்கேன்." பேனா. ஆல்கஹாலுக்குள் பேனா. முதல் வரிசை ஓரத்தில் சாம்பல் சேலையின் தலை நிமிர்ந்தது. ஒருநாளாவது குழாயில் துண்டு போட்டவர்கள் யாரும் சொல்லமாட்டாத வார்த்தை. மாடியில் ஏதோ கண்ணாடி உடைகிற சத்தம். அம்மாவின் கை.

சிஸ்டர் நன்றி சொல்ல எழுகிறார், வந்துவிட்டது, ஒரு முழம் சுருங்கிவிட்டது. "பிள்ளைகளே, இவ்வளவு பெரிய சார், நம்ம கூப்பிடாமலே, அவரே போன் செய்து, முப்பத்தொண்ணாம் பவளத்தைப் பத்திப் பேச எனக்கு ஒரு வாய்ப்பு தாங்கன்னு கேட்டாரு கேட்டியளா, அந்தத் தாழ்மைய..." அவர் புன்னகை பாதியில் நின்றது. "நானா? நீங்கதானே சிஸ்டர் கூப்பிட்டீங்க, மூணு தடவை." "நானா சார்? ஐயோ, நீங்கல்லா விளிச்சியள்." மைக் திறந்திருக்கிறது, ஹால் முழுக்கக் கேட்கிறது. சிஸ்டரின் கண் மெல்லக் கூட்டத்தில் அலைய ஆரம்பிக்கிறது, என் தொண்டையின் அப்பாப்பனைத் தேடுகிறது. அதற்குள் சாம்பல் சேலை எழுந்து நிற்கிறார். "ஒரு நிமிஷம் சிஸ்டர். சார், நான் சுலைகா பானு. எட்டு மாசமா உங்களுக்குக் கடிதம் எழுதுறேன். நான் கேட்ட எல்லாத்துக்கும் இன்னைக்குப் பதில் சொல்லிட்டீங்க, கேக்காததுக்கும் சொல்லிட்டீங்க. குறிச்சுக்கிட்டேன்." கைப்பையிலிருந்து பழுப்புக் கவர், அரக்கு முத்திரை, தபால் முத்திரை, நான் எட்டு வயதில் எச்சில் தொட்டு ஒட்டிய தபால்தலை. "இதை ரெண்டு பேரும் இருக்கும்போதுதான் பிரிக்கணும்னு விதி. நீங்க இருக்கீங்க. பெர்னதெத் இந்தப் பள்ளியில வேலை பாக்கிறதா முகவரியில இருக்கு." மாடிப்படி வாசலில் அம்மா நின்றிருந்தாள், எப்போது இறங்கினாள், முழங்கைவரை ஈரம், கையில் உடைந்த குழாயின் அடிப்பாகம், முகத்தில் சிரிப்பும் இல்லை கோபமும் இல்லை, அலை வரும்முன் படகில் நிற்கிற நிற்பு. குலசேகரன் கவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், நரைத்த தலையைத் தாண்டி யாரென்று அடையாளம் தெரியாமல் தடுமாறினார், பேனாவை இன்னும் தூக்கிப் பிடித்தபடியே, கோயில் பிரசாதத் தட்டு மாதிரி, அவ்வளவுதான், எனக்கு மூடி பறந்துவிட்டது, மூச்சு உள்ளே போனது, எங்கேயோ தொலைந்தது, முதல் படி, ரெண்டாவது படி, இங்கேதான் அறும், அறவில்லை, மூன்றாவது, விக்கல். ஹால் முழுக்க அது உருண்டது. படகுத்துறையில் கேட்ட அதே சிரிப்பு. அவர் கை தானாகத் தலைக்குப் போய் இல்லாத தொப்பியைத் தொட்டது. அம்மாவின் வாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது. திறந்திருந்த மைக்கில் அவர் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பது கேட்டது, ஆனால் ஆக்சுவலா வரவில்லை. மெல்ல, ஒவ்வொரு வரிசையாக, அவர் பார்வை பின்னால் நகர்ந்து, மூன்றாவது வரிசையில் என் முகத்துக்கு வந்து நின்றது.